சைக்கிள்கள் படித்த ஆய்வகம்

எங்கள் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் போன கல்வியாண்டில் பிள்ளைகளைவிட அதிக நாள் இருந்தவை சைக்கிள்கள். ஜூலை கடைசியில் லாரியில் உதிரி பாகங்களாக வந்து இறங்கின. இரண்டு பேர் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு வாரம் முழுக்க மாட்டினார்கள். மாட்டி முடித்ததும் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. மழையில் நனையக் கூடாது, திருடு போகக் கூடாது, ஒரு கீறல் விழக் கூடாது. பள்ளியில் நல்ல கதவும் நல்ல பூட்டும் உள்ள பெரிய அறை ஒன்றே ஒன்று, அது என் ஆய்வகம். தலைமையாசிரியர் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. சாவியை மட்டும் கேட்டார்.

"பத்து நாள்தான் டீச்சர். தேதி குடுத்துட்டா விழா முடிஞ்சு போயிரும்."

தேதி கொடுக்க வேண்டியவர் ஒரு பெரிய மனிதர். அவர் வந்து, மேடையில் நின்று, ஒவ்வொரு ஹேண்டில்பாரையும் தொட்டுக் கொடுத்தால்தான் அந்தச் சைக்கிள் ஓடும் போலிருக்கிறது. அவருக்கு என்ன பதவி, எந்தக் கட்சி என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்னொரு கட்சிக்காரருக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. இந்தப் பள்ளிக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் எல்லாக் கொடிகளையும் அந்த மைதானத்தில் பார்த்துவிட்டேன். கம்பம் நடத் தோண்டுகிற குழி எப்போதும் ஒரே இடத்தில்தான்.

சைக்கிளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுமலைப் பக்கத்துச் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து பெண்பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்புக்கு வருவதே சைக்கிளால்தான். பஸ் வராத ஊருக்குச் சைக்கிள்தான் பஸ். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. சைக்கிளுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் ஆறு மாதம் நடந்தே வந்தார்கள். அவர்கள் ஓட்ட வேண்டிய சைக்கிள்கள் என் ஆய்வகத்தில் பியூரெட்டுகளுக்குக் காவல் இருந்தன.

எனக்கு வீடு மதுரை கோரிப்பாளையத்தில். காலையில் சிக்னல் நெரிசலில் முட்டி மோதி ஆற்றைத் தாண்டி, உசிலம்பட்டியில் பஸ் மாறி, பள்ளிக்குப் போய்ச் சேரும்போது பாதி உயிர் போயிருக்கும். மீதி உயிரைக் கைபேசிச் செயலி எடுத்துக்கொள்ளும். வருகைப்பதிவு, சத்துணவு, மாத்திரை, எடை, உயரம் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். மாதம் ஒரு தடவை அது ஒரு கேள்வி கேட்கும்: ஆய்வகம் பயன்பாட்டில் உள்ளதா? 'இல்லை' என்று அழுத்தினால் காரணம் கேட்கும். காரணங்களின் வரிசையில் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, பொருள் இல்லை எல்லாம் உண்டு. 'சைக்கிள் நிற்கிறது' என்பது மட்டும் இல்லை. ஒரு மாதம் 'பிற' என்று அழுத்திப் பார்த்தேன். மறுநாள் தலைமையாசிரியருக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாக, "ஏன் டீச்சர், 'ஆம்'னு ஒரு பட்டன் இருக்குல்ல?" என்றார்.

அந்த மாதத்திலிருந்து எங்கள் ஆய்வகம் பயன்பாட்டில் இருந்தது. பொய் என்றும் சொல்ல முடியாது. சைக்கிள்கள் பயன்படுத்திக்கொண்டுதானே இருந்தன.

மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அறிவியல் மேல் ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். கொள்ளை ஆசை. புதுப் பாடப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். ஓரத்தில் ஒரு கட்டம் அச்சடித்து, கைபேசியால் அதைப் படம் பிடித்தால் சோதனை வீடியோவாக ஓடும் என்றார்கள். எங்கள் வகுப்பறையில் சிக்னல் கிடைக்காது. கழிப்பறைக்குப் பின்னால் உள்ள மதில் மேல் ஏறினால் கிடைக்கும். வேதியியலை நான் மதில் மேல் நின்றுதான் நடத்தியிருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் தேர்ச்சி ஆய்வுக் கூட்டம் நடக்கும். எந்தப் பள்ளி எத்தனை சதவீதம் என்று திரையில் போட்டு, குறைந்தவர்களை எழுப்பி நிற்க வைப்பார்கள். அறுபது வயதை நெருங்கும் தலைமையாசிரியர்கள் பெஞ்சு மேல் ஏறாத குறையாக நிற்பார்கள். அந்தக் கூட்டங்களில் ஒரு தடவைகூட, உங்கள் பிள்ளைகள் கரைசல் உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டைக் கையில் பிடித்திருக்கிறார்களா என்று ஒருத்தரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

பிடிக்காமல் எப்படிச் செய்முறைத் தேர்வு எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் எங்களிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வெளியாட்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆசிரியர்கள் சிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு 'வேல்யூ' உண்டு. திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை நிரப்பி, கீழே குடுவையில் இருக்கும் இரும்பு உப்புக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த ஊதா உடனே மறைந்துவிடும். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொட்டு மறையாமல் நிற்கும், குடுவை முழுக்க ரோஜா இதழ் அளவுக்கு லேசான சிவப்பு படரும். அங்கே நிறுத்தி, எத்தனை மில்லி இறங்கியிருக்கிறது என்று அளவைப் பார்க்க வேண்டும். கரைசலுக்குக் கரைசல் அந்த அளவு மாற வேண்டும். எங்கள் பள்ளியின் வேல்யூ பதினெட்டு புள்ளி இரண்டு. நான் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பே அது பதினெட்டு புள்ளி இரண்டு. உப்பு மாறும், கரைசல் மாறும், ஆசிரியர் மாறுவார், ஆட்சி மாறும். பதினெட்டு புள்ளி இரண்டு மட்டும் மாறவே மாறாது. மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாமி பெயரை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள்.

தேர்வன்று வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் புறத்தேர்வாளராக வருவார். உசிலம்பட்டியிலிருந்து பிரியாணி வரும். எல்லோரும் பதினெட்டு புள்ளி இரண்டு எழுதியிருப்பார்கள், எல்லோருக்கும் முழு மதிப்பெண் விழும். அடுத்த வாரம் நம்மில் ஒருவர் அவர்கள் பள்ளிக்குப் போய் அவர்கள் பிரியாணியைச் சாப்பிட்டு, அவர்களுடைய வேல்யூவுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு வருவார். இவ்வளவு ஒழுங்காக, ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் நடக்கிற காரியம் நம் நாட்டில் வேறு ஒன்று இருக்குமா தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, அறிவியல் பிரிவு. ஊருக்குக் கிழக்கே, ஓடையைத் தாண்டி இருக்கும் தெருவிலிருந்து வருகிறவள். அந்தத் தெருவில் முன்பெல்லாம் யாருக்கும் காணி நிலம் கிடையாது. எல்லோரும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். அவளுடைய அம்மாவிடம் இரண்டு கறவை மாடு. பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் பாடம் முடிந்ததும் வந்து நின்றாள்.

"டீச்சர், பாலை நம்மளே டெஸ்ட் பண்ணிப் பாக்க முடியுமா?"

எதற்கு என்று கேட்டேன். பால் எடுக்க வருகிற ஆள் மிஷினைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் அளப்பானாம். அவர்கள் தெருப் பாலுக்கு எப்போதும் சத்துக் குறைவாகத்தான் காட்டுமாம். அதே புல், அதே தவிடு, மேலத்தெரு மாடு கறந்தால் கூடுதல். "எங்கம்மா சொல்லும், மாடு பொய் சொல்லாது, மிஷினுக்குப் பின்னாடி இருக்கவன்தான் சொல்வான்னு. நான் கெமிஸ்ட்ரி படிச்சு, பால் டெஸ்ட் பண்ற வேலைக்கே போயிருவேன் டீச்சர். மிஷினை வெளியே பாத்தாப்புல வப்பேன்."

டாக்டர், கலெக்டர் என்று வாயில் வந்ததைச் சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மிஷினின் முகத்தைத் திருப்பி வைப்பதற்காகப் படிக்கிறேன் என்று சொன்ன பிள்ளை இவள் ஒருத்திதான். மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சேர வேண்டும் என்பது அவள் கணக்கு. அங்கே இடம் கிடைக்க மதிப்பெண் வேண்டும், சேர்ந்த பிறகு தாக்குப்பிடிக்கக் கை பழகியிருக்க வேண்டும். முதலாவதை எங்கள் ஏற்பாடு பார்த்துக்கொள்ளும். இரண்டாவது பூட்டிய அறைக்குள் சைக்கிள்களுக்குப் பின்னால் கிடந்தது. அந்த அறையை எப்படியாவது திறந்துவிட வேண்டும் என்று நான் தவித்த தவிப்பெல்லாம் முக்கால்வாசி இவளுக்காகத்தான்.

பத்து நாள் காலாண்டுத் தேர்வாயிற்று, அரையாண்டாயிற்று. தேதி வரவில்லை. காரணம் பிளக்ஸ் போர்டு. விழா மேடைக்குப் பின்னால் கட்டுகிற போர்டில் கட்சியின் ஒன்றியச் செயலாளர் படம் பெரிதாக இருப்பதா, பஞ்சாயத்து யூனியன் சேர்மன் படம் பெரிதாக இருப்பதா என்று ஒரே கட்சிக்குள் இரண்டு பேருக்கும் தகராறு. தலைமையாசிரியர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வந்தார். நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களை வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அந்தச் சட்டை சலவைக்குப் போகும்போது அவையும் போயிருக்கும்.

ஜனவரியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒன்றியச் செயலாளரை ஊரில் 'ஒன்றியம்' என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் அவர் சைக்கிள்களை எண்ணிப் பார்க்க வந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"அண்ணே, ஒரு யோசனை. மேடையில நின்னு சைக்கிள் குடுக்குறது எல்லா ஊர்லயும் நடக்குது. பேப்பர்ல அந்தப் படத்தைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு. ஐயா லேப்ல பிள்ளைக கூட நின்னு சோதனை பாக்குற மாதிரி ஒரு போட்டோ எடுத்தா எப்படி இருக்கும்? பக்கத்துல நீங்க மட்டும் நிக்கலாம். லேப்ல இடம் கம்மி. ரெண்டு பேருக்கு மேல நிக்க முடியாது."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சேர்மன் நிற்க இடமில்லாத ஒரு போட்டோ.

"கலர் கலரா ஏதாச்சும் வருமா டீச்சரம்மா?"

"வரும்ண்ணே."

"புகை?"

"அதை ஐயாவுக்குச் சளி பிடிக்கும்னு விட்டுட்டேன்."

ஆறு மாதம் விண்ணப்பம் எழுதிக் கிடைக்காதது அரைநாளில் நடந்தது. மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்சி இளைஞர்கள் வந்தார்கள். சைக்கிள்கள் வெளியே வந்து வரிசையாக நின்றன. தரையைக் கழுவினார்கள். குழாய்க்குத் தண்ணீர் வந்தது. உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டார்கள். சுவருக்கு ஒரு பக்கம் மட்டும், போட்டோவில் விழுகிற பக்கம் மட்டும், வெள்ளையடித்தார்கள். அறிவியலுக்கு அரசியல்வாதிகள் ஒன்றும் செய்வதில்லை என்று இனிமேல் யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்தப் பக்கத்துச் சுவர் என்று கேட்பேன்.

விழா நாளில் அந்தப் பெண்ணைத்தான் பியூரெட் முன்னால் நிறுத்தினேன். அதற்கு முந்தின மூன்று நாளும் காலையில் சீக்கிரம் வந்து பழகியிருந்தாள். சொட்டு விழுந்து மறைவதை முதல் தடவை பார்த்தபோது, "எங்க டீச்சர் போகுது அது?" என்று கேட்டாள். நோட்டில் ஒரு வருஷமாக அதன் சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தவள் கேட்ட கேள்வி அது.

பெரிய மனிதர் வந்தார். பின்னால் வாசனை, அதற்குப் பின்னால் கேமரா. ஒன்றியம் அவர் தோளை உரசிக்கொண்டு நின்றார். சேர்மன் வாசலில் நின்று எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பியூரெட்டைத் திறந்து சொட்டு விட ஆரம்பித்தாள். குடுவையைச் சுழற்றினாள். ஊதா விழுந்தது, மறைந்தது. விழுந்தது, மறைந்தது.

"என்னம்மா, கலரே வரலையே" என்றார் பெரியவர்.

"வரும் சார். இன்னும் கொஞ்சம் இருக்கு."

கேமராக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு ஊர் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவள் அசையவில்லை. அத்தனை பெரிய மனிதர்களையும் ஒரு சொட்டுக்காக நிற்க வைத்துக்கொண்டு குடுவையையே பார்த்தாள். அந்த அறையில் அந்த நிமிஷம் வேலை பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

ஒன்றியத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இங்கிட்டுக் குடு ஆத்தா" என்று கையை நீட்டி, பியூரெட்டின் திருகை ஒரே திருகாகத் திருகினார். ஊதா தாரையாகக் கொட்டியது. குடுவை பீட்ரூட் சாறு மாதிரி ஆனது. எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவர் குடுவையை உயர்த்திப் பிடித்துச் சிரித்தார். படம் எடுத்தாயிற்று.

அவள் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "தப்பாப் போச்சு டீச்சர். எல்லை தாண்டிருச்சு."

மறுநாள் மாவட்டப் பதிப்பில் படம் வந்தது. கெட்டுப்போன சோதனை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தலைவர், பக்கத்தில் அதைக் கெடுத்தவர், ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு அவள். கீழே, கிராமப்புற மாணவர்களின் அறிவியல் ஆர்வத்தைக் கண்டு அவர் வியந்ததாகப் போட்டிருந்தது. அவர்கள் தெருவில் அந்தப் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினார்களாம். அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. "டீச்சர், தெரிஞ்சவங்க யாராச்சும் அதைப் பாத்தா அது தப்பு கலருன்னு கண்டுபிடிச்சிருவாகள்ல?" என்று கேட்டாள். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

சைக்கிள்கள் ஒருவழியாகப் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டன. செய்முறைத் தேர்வு வரைக்கும் ஆய்வகம் எங்களுக்குக் கிடைத்தது. மற்ற பிள்ளைகளும் வந்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அளவு எழுதும்போது பதினெட்டு புள்ளி இரண்டு என்று எழுதிவிட்டுப் போனார்கள். கண்ணால் கண்டது இன்றைக்கு மட்டும்தான், வேல்யூ காலம் காலமாக இருப்பது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இவள் மட்டும் தினமும் திரும்பத் திரும்பச் செய்தாள். அந்தப் போட்டோவைக் கையாலேயே அழித்துவிடப் பார்க்கிறவள் மாதிரி செய்தாள்.

தேர்வன்று காலையில் நானே ஒரு தடவை செய்து பார்த்தேன். அந்த வருஷக் கரைசலுக்குப் பத்தொன்பது புள்ளி நான்கு வந்தது. தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர், "எல்லாருக்கும் பாடமாயிருச்சு டீச்சர், இப்பப் போய் மாத்தினா பிள்ளைக கொழம்பிரும்" என்று புறத்தேர்வாளரிடம் பழைய வேல்யூவையே கொடுத்துவிட்டார். மதியம் விடைத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்த புறத்தேர்வாளர் என்னைக் கூப்பிட்டார். மேலூரைத் தாண்டிக் கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர், கையில் இன்னும் பிரியாணி வாசனை.

"இந்தப் பிள்ளைக்கு மட்டும் பத்தொம்பது நாலு வந்துருக்கு டீச்சர்."

"அதுதான் சார் சரி. காலையில நானும் பாத்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது சரின்னா மத்த அம்புட்டுப் பேரும் தப்பு. ஒருத்திக்கு ரெண்டு மார்க்கு போறது தேவலையா, ஊருக்கே போறது தேவலையா? நீங்களே சொல்லுங்க."

இரண்டையும் சரி என்று போடுங்களேன் என்றேன். ஒரே கரைசலுக்கு எப்படி இரண்டு வேல்யூ என்று மேலே கேட்பார்கள் என்றார். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவருக்கு வேதியியல் ஞாபகம் வந்தது. பிறகு அவரே அவளைக் கூப்பிட்டு, "அதை அடிச்சிட்டு பதினெட்டு ரெண்டுன்னு எழுதிரு ஆத்தா. சோலி முடிஞ்சுது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பற்றி எரிகிற விஷயம். கெட்டவர்கள் யாருமே கிடையாது.

அவள் என்னைப் பார்த்தாள். "வந்ததை எழுதவா டீச்சர், வர வேண்டியதை எழுதவா?"

"வந்ததை எழுது" என்றேன். அன்று சொன்னதை இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

எழுதினாள். இரண்டு மதிப்பெண் போயிற்று.

கொஞ்ச நாளில் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. மற்ற எல்லா மாணவர்களும் செய்முறையில் முழு மதிப்பெண் பெற்றிருக்க ஒரு மாணவி மட்டும் குறைவாகப் பெற்றது ஏன், அந்த மாணவிக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படாதது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். பள்ளியிலேயே பயிற்சி பெற்ற ஒரே மாணவி அவள்தான் என்று விளக்கம் எழுதினேன். தலைமையாசிரியர் அதை வாங்கிப் படித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது டீச்சர் என்றார். பிறகு அவரே உட்கார்ந்து, மாணவிக்கு அன்று உடல்நிலை சரியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். மேலிடம் திருப்தி அடைந்தது. உண்மையான அளவு வந்ததற்குக் காரணம் காய்ச்சல்.

தேர்வு முடிவு வந்த பிறகு மே மாத வெயிலில் ஒருநாள், மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் தன் அம்மாவோடு வந்தாள். அவள் கேட்ட கல்லூரியில் முதல் அழைப்பில் அவள் பெயர் வரவில்லை. இரண்டாவது அழைப்பில் வரலாம், வராமலும் போகலாம். இரண்டு மதிப்பெண் இருந்திருந்தால் வந்திருக்கும் என்று யாரோ கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவை நான் முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தேன். ஆய்வகத்துக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். கும்பிடவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அம்புட்டுப் பேருக்கும் முழுசாப் போட்டுட்டு எம்புள்ளைக்கு மட்டும் ஏன் டீச்சர் குறைச்சீக?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "பாலுக்குத்தான் குறைப்பாக. பரவால்ல, பழகிப் போச்சு. பள்ளிக்கூடத்துலயும் எங்க தெருப் பிள்ளைன்னா குறைக்கணுமா?"

"அம்மா, டீச்சர் குறைக்கல. நான் எழுதினதுதான்" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. நீ தப்பா எழுதுனியா?"

"இல்ல. சரியாத்தான் எழுதுனேன்."

"சரியா எழுதுனதுக்கு ஏன் குறைச்சாக?"

உங்கள் தெருவுக்காகக் குறைக்கவில்லை, உங்கள் மகள் உண்மையை எழுதியதற்காகக் குறைத்தார்கள் என்று சொல்லலாம். காலம் முழுக்க அளவு குறைத்தே வாங்கிப் பழகிய ஒருத்தரிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? சொன்னால் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை? எல்லோருக்கும் எப்போதும் ஒரே வேல்யூ என்று வைத்திருக்கிற ஒரு பள்ளியில் எத்தனையோ பேர் செய்யாமலே முழுசும் வாங்கினார்கள், ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள் செய்து காட்டிக் குறைவாக வாங்கினாள். அந்த அம்மா போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கூனிக்குறுகிப் போனது கிடையாது.

நடந்ததை முடிந்தவரை சொன்னேன். பழைய அளவு, புது அளவு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப ஒண்ணு செய்வோம் டீச்சர். அந்த ரூமைத் திறங்க. என் கண்ணு முன்னாடி செய்யட்டும். நீங்களும் பாருங்க, நானும் பாக்குறேன். எம்புட்டு வருதோ அம்புட்டுப் போடுங்க. குறைஞ்சா குறைச்சுக்கங்க."

ஆய்வு செய்ய வந்த அதிகாரிகள் கேட்டதில்லை. படம் எடுக்க வந்தவர் கேட்டதில்லை. பத்தொன்பது வருஷத்தில், அந்த அறையைத் திறந்து சோதனையைச் செய்து காட்டச் சொல்லி என்னிடம் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

ஜன்னலைக் காட்டினேன். புதுக் கண்ணாடிக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் கூரையைத் தொட அடுக்கியிருந்தன. முந்தின வாரம்தான் அடுத்த விழாவுக்கான இலவச மடிக்கணினிகள் வந்து இறங்கியிருந்தன. பூட்டின் மேல் தாள் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, அரக்கு வைத்திருந்தார்கள்.

"சாவி என்கிட்ட இல்லம்மா" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தேதி குடுக்கணும்மா. அப்பத்தான் திறப்பாக."

அந்த அம்மா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆய்வகத்துப் படியில் உட்கார்ந்தார்.

"எப்பக் குடுப்பாக?" என்றார் என்னிடம்.